அறுபது கதிரைகளின் முதுகு

எங்கள் டென்மார்க் பங்குக் கோயிலின் மண்டபத்திற்கு ஒரு பியானோ வந்திருந்தது. பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம் நான் அதைச் சுற்றிப் பார்த்தேன். முன்பக்கம் ஒன்றும் இல்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தேன், குனிந்து அடியில் பார்த்தேன், சுவரோடு இருந்த பக்கத்தைக் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கோப்பி ஊற்றுகிற கிர்ஸ்டன் என்ற அம்மா வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். இதை யார் தந்தது என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் கேட்டேன். அவருடைய முகம் மாறிவிட்டது. "ஏன், பழுதா?" என்றார். இல்லை இல்லை, தந்தவரின் பெயர் என்ன என்று மறுபடியும் கேட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பியானோ திருத்துகிறவர் பெட்டியோடு வந்து மண்டபத்தில் முழங்காலில் நின்றார். இந்த நாட்டில் ஒரு பொருளைத் தந்தது யார் என்று விசாரித்தால், அதில் ஏதோ பிழை கண்டுவிட்டோம் என்றுதான் நினைக்கிறார்கள்.

நான் இங்கே வந்து இறங்கியபோது எங்கள் முதல் வீட்டில் கட்டிலும் மேசையும் அலுமாரியும் ஏற்கெனவே இருந்தன. யாரோ தந்தவை. மேசை இலாச்சிக்குள் ஒரு பென்சில்கூட இருந்தது, பெயர் இல்லை. இன்றுவரை நான் செபமாலை சொல்லும்போது "அந்த மேசைக்காரருக்காகவும்" என்று சொல்லித்தான் வேண்டுகிறேன். மாதாவுக்கு ஆளைத் தெரிந்திருக்கும். ஆனால் உள்ளதைச் சொன்னால், அது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது. தந்தவன் பெயரைச் சொல்லாவிட்டால் வாங்கியவன் எப்படி நன்றியாக இருப்பது? ஆகவே திருகோணமலையிலிருந்து வந்த நாங்கள் ஏழு குடும்பம் ஒரு வட்டமாகச் சேர்ந்து ஊருக்கு உதவி செய்யத் தொடங்கியபோது அந்தக் குறை வராமல் பார்த்துக்கொண்டோம். முதல் வருடம் கொடுத்த பள்ளிக்கூடப் பைகளில் எங்கள் வட்டத்தின் பெயர் அவ்வளவு பெரிதாக இருந்தது. பிள்ளை தன் பெயரை எழுத இடமில்லாமல் பட்டியில் எழுதியதாம்.

அந்தப் பைகளைக் கொடுக்கத்தான் போன வருடம் நான் லீவில் ஊருக்குப் போனபோது இலங்கைத்துறைக்கு அப்பால் களப்போரம் இருக்கிற ஒரு குடியிருப்புக்குப் போனேன். வேடர் வழியில் வந்த குடும்பங்கள் அவை. ஆண்கள் களப்பில் வலை வீசுகிறார்கள், விறகு எடுக்கிறார்கள், அறுவடைக் காலத்தில் தோப்பூர்ப் பக்கம் கூலிக்குப் போகிறார்கள். பெண்களில் பலர் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போய் வந்தவர்கள், அல்லது இன்னும் வராதவர்கள். தங்கராணி இரண்டு தடவை குவைத்துக்குப் போய் வந்தவள். அரபு, சிங்களம், தமிழ் மூன்றிலும் சண்டை பிடிப்பாள். உங்களுக்கு வேறென்ன தேவை என்று நான் பெரிய மனிதன்போல் கேட்டேன். அவள் யோசிக்கவேயில்லை.

"கதிரை வேணும் அண்ணே. அறுபது கதிரை."

"கதிரையோ?"

"ஓம். எழும்பச் சொல்லாத கதிரை."

அவளுடைய தகப்பன் செத்தபோது பக்கத்து ஊர்ச் சங்கத்தில் கதிரை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பிரேதம் வீட்டில் இருக்கும்போதே சங்கத்து ஆட்கள் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் வந்து, தங்களுடைய ஊரில் ஒரு வீட்டில் விசேஷம் என்று சொல்லி, இருந்தவர்களை எழுப்பி, கதிரைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வந்த சனம் அப்படியே நின்றதாம். "அப்பாவைத் தவிர எல்லாரும் நிண்டம்," என்றாள். இப்போது அவளுடைய மகள் சுகந்திக்குச் சல்லி என்ற கடலோர ஊரில் சம்பந்தம் பேசியிருந்தது. பெடியன் கடற்றொழில் செய்கிறவன், சுகந்தியை விரும்பித்தான் கேட்டான். அவனுடைய தாய்தான் அரைமனது. கலியாணத்துக்குச் சங்கத்துக் கதிரை எடுத்து, இடையில் வந்து எழுப்பினால், அல்லது கதிரையே இல்லாமல் மண்ணில் இருத்தினால், அந்த மனிசி அதைச் சுகந்தியின் பேரப்பிள்ளை காலம்வரை சொல்லிக்காட்டும். "என்ர பிள்ளை அங்க போய் வாழவேணும் அண்ணே. முதல் நாளே தலை குனிஞ்சு போகக்கூடாது," என்றாள் தங்கராணி.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது செபமாலை ஓடவில்லை. நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை ரவுணில், துறைமுகத்துக்குக் கிட்ட. அப்பா துறைமுகத்தில் கூலி. எங்களிடமும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை, ஆனால் ஆறு கதிரை இருந்தது. வருடத்தில் இரண்டு தரம் அந்தக் களப்புப் பக்கத்திலிருந்து வேடர் ஒருவர் போத்தலில் தேன் கொண்டு வருவார். அம்மா குசினி வாசலில் வைத்துத் தேத்தண்ணீர் கொடுப்பா. அவர் நிலத்தில் குந்தியிருந்து குடித்துவிட்டுப் போவார். அவரை நிலத்தில் இருக்கும்படி எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. கதிரையில் இருக்கும்படியும் ஒருவரும் சொன்னதில்லை. நாங்கள் ஒவ்வொரு நாளும் மாலை முழங்காலில் நின்று செபம் சொல்லுகிற குடும்பம்.

டென்மார்க் திரும்பியதும் எங்கள் வட்டத்தின் கூட்டத்தை சூமில் வைத்தோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சலவை அறையில், மெஷின் சத்தத்துக்கு நடுவில் நின்றுதான் பேசினேன். தலைவர் யோகராசா அண்ணை நல்ல மனிதர், ஆனால் எதையும் படமாகப் பார்க்கிறவர்.

"கதிரையைச் சாப்பிடேலுமோ?" என்றார். "வாழ்வாதாரம் எண்டு ஒண்டு இருக்கெல்லே. வேடர் எண்டால் தேன்தானே. தேன்பெட்டி குடுப்பம். படத்துக்கும் நல்லாயிருக்கும்."

மற்ற ஐந்து சதுரங்களிலும் தலைகள் ஆடின. நான் அன்றே தங்கராணிக்கு வட்சப்பில் சொன்னேன். அவள் அனுப்பிய குரல்பதிவை அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். "அண்ணே, பூச்சி குடியிருக்கப் பெட்டி தாறியள், மனிசர் குந்தியிருக்கக் கேட்டால் யோசிக்கிறியள்." பிறகு யோகராசா அண்ணை சிரித்துவிட்டார். கதிரைக்குச் சம்மதம், ஆனால் நிபந்தனை: ஒவ்வொரு கதிரையிலும் பெயர் எழுத வேண்டும், ஆட்கள் இருக்கும்போது பெயர் தெரிகிறமாதிரிப் படம் வேண்டும். "வெறுங்கதிரையைக் காட்டினால் கடைக்குள்ள எடுத்த படம் எண்டு சனம் சொல்லும்," என்றார்.

இந்த வருடம் நான் ஊருக்குப் போய், ரவுணில் அறுபது பிளாஸ்ரிக் கதிரை எடுத்தேன். கடும் நீல நிறம். கடைப் பெயர்ப் போர்ட் எழுதுகிறவரிடம் கொண்டுபோனேன். என்ன எழுதுவது என்று கேட்டார். பெரிய படிப்பில்லாதவனுக்கு எழுதக் கிடைத்தால் கொஞ்சம் கூட எழுதுவான். நான் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்: "வறிய வேடர் குடும்பங்களுக்கு டென்மார்க் வாழ் திருமலை மக்களின் அன்பளிப்பு." வாசித்துப் பார்க்க எனக்கே உருக்கமாக இருந்தது. வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாது என்ற பிரசங்கத்தைக் கோயிலில் கேட்காதவன் அல்ல நான். ஆனால் கதிரையின் முதுகைப் பற்றி அதில் ஒன்றும் வராதபடியால் எனக்கு உறைக்கவில்லை. அவர் அச்சு வெட்டி வெள்ளை எழுத்தில் அறுபதுக்கும் அடித்துத் தந்தார். "அண்ணே, நூறு வருசத்துக்கு அழியாது," என்றார். நான் சந்தோஷமாகக் கை கொடுத்தேன்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது லொறி குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. சனம் ஓடிவந்து இறக்கியது. தங்கராணி முதல் கதிரையைத் தூக்கித் துடைத்து, திருப்பிப் பார்த்தாள். வாசித்தாள். அடுத்ததைத் திருப்பினாள். அதையும் வாசித்தாள், ஏதோ அதில் வேறு எழுதியிருக்கும் என்பதுபோல. பிறகு இரண்டையும் ஒன்றின் பின்னால் ஒன்றாக வைத்து, பின்கதிரையில் உட்கார்ந்து பார்த்தாள்.

"அண்ணே, சம்பந்தி ஆக்கள் சோறு வருமட்டும் இதைத்தான் வாசிச்சுக்கொண்டு இருப்பினமோ?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவளுடைய தம்பி சின்னத்தம்பி வாசித்துவிட்டு, "வேடர் எண்டது தெரிஞ்ச விசயம் அண்ணே. வறிய எண்டதை நாங்கள் பொத்திப் பொத்தி வச்சிருந்தம்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று சிரித்தார்கள்; அது இன்னும் மோசமாக இருந்தது. பெயின்ற் கரைக்கிற ரின்னர் வாங்கிவந்து தேய்த்தோம். கதிரையின் நீலம் போனது, எழுத்து போகவில்லை. என் வாழ்க்கையில் சொன்ன சொல் தவறாத ஒரு போர்ட் எழுத்தாளனை நான் கண்டது அந்த ஒரு முறைதான். சேலையால் மூடிப் பார்த்தோம். களப்புக் காற்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டியது.

கடைசியில் சின்னத்தம்பிதான் வழி கண்டான். வரிசை வைத்தால்தானே பின்னுக்கிருப்பவன் வாசிப்பான்? பந்தலின் ஓரத்தோடு ஒரே வளையமாக வைத்தால் எல்லாருக்கும் முகம் தெரியும், ஒருவருக்கும் முதுகு தெரியாது. அவர்கள் தங்கள் சடங்குக்கும் அப்படி வட்டமாகக் கூடுகிறவர்கள்தான். கதிரைகளின் முதுகெல்லாம் களப்பைப் பார்த்தபடியும் பற்றையைப் பார்த்தபடியும் போயின. மீனுக்கும் கொக்குக்கும் வாசிக்கத் தெரியாதது எங்கள் அதிர்ஷ்டம்.

கலியாணத்தன்று கோயிலில் தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வானில் வந்து இறங்கினார்கள். தாய்க்காரி பந்தலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தா. கதிரையை விரலால் தடவி, தூசி இல்லையென்று கண்டு, உட்கார்ந்தா. "புதுசு போல," என்றா. "ஓம் மச்சாள், எங்கடதான்," என்றாள் தங்கராணி. அந்த "எங்கடதான்" கேட்டு நான் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் வெயில் சரிந்து தாய்க்காரியின் முகத்தில் அடித்தது. அவ எழும்பப் பார்த்து, கதிரையைத் திருப்பி இழுக்கக் கை வைத்தா. தங்கராணி என்னைப் பார்த்தாள். எனக்குள் ஓடிய அருள்நிறைந்த மரியே செபம் பாதியில் நின்றுவிட்டது.

"எழும்பாதேங்கோ அம்மா," என்று சின்னத்தம்பி பாய்ந்தான். "எங்கட வீட்டில சம்பந்தி கதிரை தூக்கிறதோ? நீங்கள் சும்மா இருங்கோ." நான்கு ஆண்கள் சேர்ந்து, இருந்த மனிசியைக் கதிரையோடு தூக்கி, முகம் உள்ளே பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்துபோய் நிழலில் வைத்தார்கள்.

"ஐயோ விடுங்கோடா, விழுத்திப் போடுவியள்," என்று சத்தம் போட்டவ, இறங்கியதும் சேலையைச் சரிசெய்துகொண்டு பக்கத்துப் பெண்ணிடம் சொன்னா: "எங்கட சல்லியில அம்மனைத்தான் இப்பிடித் தூக்குவினம். இவையள் மரியாதை தெரிஞ்ச ஆக்கள், என்ன?"

அன்று ஒருவரும் எழும்பவில்லை. சுகந்தி நிமிர்ந்த தலையோடு அந்த வட்டத்தைச் சுற்றி வந்து எல்லாரிடமும் ஆசீர்வாதம் வாங்கினாள்.

அப்போதுதான் என்னுடைய போன் அடித்தது. டென்மார்க்கில் அன்று எங்கள் வட்டத்தின் ஒன்றுகூடல். "மண்டபத்தில திரை எல்லாம் போட்டாச்சு," என்றார் யோகராசா அண்ணை. "படம் எங்க? பெயர் தெரியவேணும்." ஆட்கள் இருக்கும்போது பெயர் தெரிய வேண்டுமென்றால் பின்னால்தான் போக வேண்டும். பின்னால் களப்பு. சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, முழங்கால்வரை தண்ணீருக்குள் இறங்கித் திரும்பி நின்றேன். போனைத் தூக்கிப் பிடித்தபோது நான் எழுதியது எனக்குத் தெரிந்தது. களப்புப் பக்கம் முதுகு காட்டி இருந்த ஒவ்வொருவரின் பிடரிக்குக் கீழும் அது இருந்தது. சல்லியிலிருந்து வந்த தாய்க்காரியின் கொண்டைக்குக் கீழும் இருந்தது. தலைமயிரும் சேலைத் தலைப்பும் விழுந்து பாதி எழுத்துகளை மறைத்திருந்தன. ஒரே ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதில் மட்டும் எழுத்து முழுதாகத் தெரிந்தது.

தங்கராணி அந்த வெறுங்கதிரைக்குப் பக்கத்தில் நின்று என்னைத் தேடிவிட்டு, திரும்பிப் பார்த்தாள்.

"அங்க தண்ணிக்குள்ள நிண்டு என்ன செய்யிறியள் அண்ணே? உங்கட கதிரை சும்மா கிடக்கு. வாங்கோ, சோறு போட்டாச்சு."

வாறன் என்றேன். படம் எடுக்குமுன் போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. காலைத் தூக்கினேன், களப்புச் சேறு ஒரு காலை விட்டது, மற்றதைப் பிடித்துக்கொண்டது.