வட்டத்தின் வலது ஓரம்

மூன்று வருடங்களாகப் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் குறைந்துகொண்டே வந்தன. என் நோயின் முதல் அறிகுறி அதுதான். அது அறிகுறி என்று தெரியாமல், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருக்கும் கம்பெனிகள் மேல் பழியைப் போட்டேன். அதில் ஒரு கம்பெனியில்தான் நானும் வேலை பார்க்கிறேன். அப்போது எனக்கு ரப்பர் வளையங்களை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கும் வேலை. கண்ணை நம்பிச் சோறு தின்பவள்.

கண்ணில் அழுத்தம் என்று கேள்விப்பட்டு, ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தைரியம் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரியிலிருந்து கணவரின் பைக்கில் ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைகளை எண்ணுவது எங்கள் பன்னிரண்டு வருடப் பழக்கம். எண்ண ஒருவர், எழுத ஒருவர் என்பது எங்கள் பறவைக் குழுவின் முறை. எண்ணுகிறவர் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுத்தால் கணக்கு தப்பிவிடும். நான் எண்ணுவேன், என் கணவர் ஏழுமலை எழுதுவார். வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். அவருக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லிச் சொல்லி, அவரும் அதை நம்பிவிட்டார்.

எங்களுடையது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி; அதில் நான் எப்போதும் இடக்கண்ணைத்தான் வைப்பேன். ஒரு வட்டம் தெரியும். அதில் உள்ளதைப் பத்துப் பத்தாக எண்ணிச் சொல்லிவிட்டு, நகர்த்தி அடுத்த வட்டத்துக்குப் போவேன். போன வருடம் தை மாதத்தில் ஒருநாள் அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது ஏழுமலை தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஏமே, ஒன்னு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளுய்யா. எண்ணிக்கினு இருக்கேன்ல."

"ரைட் சைடுல கொத்தா நிக்குதே, அத நீ சேக்கவே மாட்டேன்றியே. இன்னா பறவ அது? கணக்குல சேராத ஜாதியா?"

"எங்கய்யா நிக்குது? வெறும் சேறுதான் இருக்குது."

"நல்லாப் பாரு மே."

பார்த்தேன். சேறு, அதற்கப்பால் தண்ணீர். கண்ணைத் துடைத்துவிட்டு, ஏதோ தோன்றி வலக்கண்ணை வைத்தேன். வட்டத்தின் வலது ஓரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. மறுபடி இடக்கண்ணை வைத்தேன். சேறு.

"எத்தன நாளாய்யா நான் இப்படி உட்டுக்கினு இருக்கேன்?"

"மூணு சீசன் இருக்கும். நீ சொல்றத எழுதறதுதான என் வேல."

அன்று பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. வாயைத் திறந்து கேட்க ஒரு மனிதருக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. ஆக வைத்தவள் நான்.

சென்னையில் ஒரு கண் மருத்துவமனைக்கு மின்சார ரயிலில் போனோம். பார்வைப் பரப்புச் சோதனை (எந்தெந்த இடத்தில் பார்வை இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்ப்பது) செய்தார்கள். ஒரு கண்ணை மூடிவிட்டு, கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொல்வார்கள். ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பித்தானை அழுத்த வேண்டும். எண்ணுவதில் பழகிய கை, ஒன்றைக்கூட விடவில்லை என்று நினைத்தேன். நடுநடுவே புள்ளி வராமல் நேரம் போனது. கருவி ஓய்வெடுக்கிறது என்று நானும் ஓய்வெடுத்தேன். தாள் வெளியே வந்தபோது இடக்கண்ணின் படத்தில் ஒரு பக்கம் மை கொட்டினாற்போல் கறுத்திருந்தது. நான் பார்க்காத அத்தனை புள்ளிகளும் அங்கேதான் வந்து போயிருக்கின்றன.

கிளாக்கோமா என்றார் மருத்துவர் (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாவது). எனக்கு நாற்பத்தெட்டு வயது. வலி இல்லை, சிவப்பு இல்லை. இடக்கண்ணில் விழுந்த ஓட்டையை இத்தனை நாளும் வலக்கண் ஈடுகட்டியிருக்கிறது. ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் அந்த இடம் இருட்டாகத் தெரியாதாம். பக்கத்தில் இருப்பதை வைத்து மூளை ஒட்டுப் போட்டுவிடும். எனக்குச் சேற்றை வைத்து ஒட்டியிருக்கிறது.

"கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து போட்டீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஏரிக் காத்துல மண்ணு பட்டா அரிக்கும் மேடம். மெடிக்கல்ல சொல்லி வாங்கிப் போட்டுக்குவேன். நாலஞ்சு வருஷமா."

அதில் ஸ்டீராய்டு (சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும் மருந்து) இருந்தது. சிலருக்கு நாள்பட அதைப் போட்டால் கண்ணழுத்தம் ஏறிவிடும். பறவைகளைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அதைப் போட்டேன். யாரிடமும் கேட்காமல் வாங்கிய சொட்டு உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.

"போனது திரும்பி வராதும்மா. இருக்கறத அப்படியே நிறுத்தி வெக்கலாம். வலக்கண்ணுலயும் லேசா ஆரம்பிச்சிருக்கு."

இருப்பது நிற்குமா? அதன் பிறகு எனக்கு இருந்த கேள்வி இது ஒன்றுதான்.

பூநாரைகள் கிளம்பிப் போயின, கோடை வந்தது. காலை ஆறு மணிக்கு ஒரு சொட்டு, மாலை ஆறு மணிக்கு ஒரு சொட்டு. போட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் வேறெதுவும் செய்ய முடியாது என்பதே என்னைச் சலிப்படைய வைத்தது. ஏரி சுருங்கி ஓரமெல்லாம் உப்புப் பூத்தது. ஆலாப் பறவைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருப்பதாக ஏழுமலை வந்து சொன்னார். நான் போகவில்லை.

சொட்டுக்கு இடக்கண் அடங்கவில்லை. ஆடியில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள் (உள்ளே தேங்கும் நீர் வெளியேற ஒரு சிறு வழி வெட்டிவிடுவது). குனியாதே, தூக்காதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, தூசியில் நிற்காதே. ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் என்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நியாயம்தான். அழுகை வந்தது, அதுவும் கண்ணுக்கு ஆகாது என்று அடக்கிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலை மிச்சம் இருந்தது. பறவைகள் குறைகின்றன என்று குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று ஆவேசமாகப் பேசியவள் நான். ஒருங்கிணைப்பாளருக்கு போன் செய்து, என் மூன்று வருடக் கணக்கை நம்ப வேண்டாம் என்றேன்.

"அப்போ பறவ கொறையலயா மேடம்?"

"அதுவும் தெரியல சார். கொறஞ்சும் இருக்கலாம்."

என்னைப் படுத்துகிற விஷயம் இதுதான். பறவை குறைந்ததா, என் பார்வை குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல இனி யாராலும் முடியாது. அந்த மூன்று பருவங்களும் அப்படியே போய்விட்டன.

இந்தத் தை மாதம் மறுபடி போனோம். கடைசிச் சோதனையில் கறுப்பு பரவவில்லை. "இப்போதைக்கு நிக்குது" என்றார் மருத்துவர். இப்போதைக்கு என்ற சொல்லுக்குள் வாழப் பழகிக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு வருடம் என்றால் பூநாரை வந்து போவது. இப்போது காலம் என்றால், வலக்கண்ணுக்குத் தொடர்ந்து போடும் ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் இருக்கும் பன்னிரண்டு மணி நேரம்.

தொலைநோக்கியை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டு நோட்டை நான் வாங்கிக்கொண்டேன். அவர் எனக்கு வலப்பக்கம் கொஞ்சம் முன்னால் நின்று, விரலை மடக்கி மடக்கி எண்ணினார். நடுவில் தப்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். பழைய நானாக இருந்தால் பிடுங்கியிருப்பேன்.

"ஏமே, ஓரத்துல நிக்கிறதையும் சேக்கட்டா?"

"எல்லாத்தையும் சேருய்யா."

அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது, கையால் வலக்கண்ணை மூடி, நேரே தூரத்தில் தெரிந்த கரையைப் பார்த்தேன். ஏழுமலை இல்லை. அவர் நின்ற இடத்தில் சேறும் தண்ணீரும் இருந்தன. அங்கிருந்து குரல் மட்டும் "நாப்பது, அம்பது, அறுபது" என்று எண்ணிக்கொண்டிருந்தது.

கையை எடுத்துவிட்டு அறுபது என்று எழுதினேன்.