மிளகு முறத்தில் வைத்த பேட்டரி

லேகா தையல்காரி. பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டிய வீடு. கணவன் ராஜதாஸ் ஷார்ஜாவில். வீட்டில் அவளும் மாமியார் சுகிர்தபாயும் இரண்டு வயது சினியும்தான். சுகிர்தபாய்க்குச் சர்க்கரையால் காலில் புண். வீடு வீடாகப் போகும் நர்ஸான நான் அதற்குக் கட்டுப்போடப் போய்வந்தேன்.

பிள்ளை தவழத் தொடங்கிய நாளிலிருந்து லேகாவுக்கு ஒரு பழக்கம். தைத்து முடித்ததும் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுப்பாள். குண்டூசி ஒன்று குறைந்தாலும் அது கிடைக்காமல் அடுத்த துணியைத் தொடமாட்டாள். "இவளுக்குத் தரையிலயும் பயம்" என்று மாமியார் கேலி செய்வார். நான் எத்தனையோ வீடுகளில் நோயாளி பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கம் வேறு எங்கும் பார்த்ததில்லை.

தொண்ணூற்றாறில் ராஜதாஸ் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பாட்டுப்பெட்டி கொண்டுவந்தான். அதன் ரிமோட் தீப்பெட்டியைவிட மெல்லியது. உள்ளே கால் ரூபாய் நாணயம்போல ஒரே ஒரு பேட்டரி. அவன் திரும்பிப் போய்ச் சில மாதங்களில் அது தீர்ந்தது. லேகா புதியதை வாங்கிப் போட்டுவிட்டு, பழையதைப் பிள்ளைக்கு எட்டாமல் அலமாரி மேல்தட்டில் வைத்தாள்.

டார்ச் பேட்டரியைக் கட்டை என்போம்; அது தளர்ந்தால் வெயிலில் வைத்து இன்னும் நாலு நாள் எரிக்கிறது எங்கள் பக்கத்து வழக்கம். சுகிர்தபாய் அந்தப் பேட்டரியை எடுத்து, முற்றத்தில் நல்லமிளகு காயப்போட்ட முறத்தின் நடுவில் வைத்துவிட்டார். கறுப்பு மணிகளுக்கிடையில் அது பளபளவென்று மின்னியிருக்கும்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது சுகிர்தபாய் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"எடீ லேகா, இங்க வச்ச குட்டிக் கட்டையை எடுத்தியா?"

"எந்தக் கட்டை மாமி?"

"ரிமோட்டுக்க கட்டைதான். வெயிலுல வச்சா உசிர் வரும்லா?"

லேகா காந்தத்தோடு வந்தாள். முறத்தில் விட்டாள், முற்றத்தில் இழுத்தாள், படியின் இடுக்கில் விட்டாள். ஓர் ஆணி வந்தது, ஒரு கொக்கி வந்தது. பேட்டரி வரவில்லை. பிறகு சினியைப் பார்த்தாள். பிள்ளையின் வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்து சட்டை நனைந்திருந்தது. விழுங்க முயன்று முகத்தைச் சுளித்தது.

சுகிர்தபாய் அதற்குள் மட்டி வாழைப்பழத்தை உரித்துவிட்டார். "ரண்டு பழம் குடு மக்கா, நாளைக்கு வெளிய போயிரும். ராஜதாஸ் பத்து பைசாவை முழுங்கினப்ப நான் இப்படித்தானாக்கும் எடுத்தேன்."

"அது பைசா மாமி, இது கட்டை. உங்க டார்ச்சுக்குள்ள பாத்தியளா? கட்டை ஒழுகித் தகரத்தையே தின்னு போட்டுது. பிள்ளைக்க தொண்டை என்ன தகரமா?"

"எனக்குப் பேரப்பிள்ளைமேல அக்கறை இல்லியா?"

"உண்டு. அதைப் பிறகு பேசலாம். பழத்தைக் கீழ வையுங்க."

தொண்டைக்குள் விரல் விடாதே, வாந்தி எடுக்க வைக்காதே என்று மட்டும் நான் சொன்னேன். மற்றதெல்லாம் அவள் செய்தது. புதிய பேட்டரி வந்த அட்டையைத் தேடி எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் பொன்னுதாஸைக் கூப்பிட்டு, பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். நானும் ஏறிக்கொண்டேன். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. "பிள்ளை பேட்டரி முழுங்கியாச்சு, இதாக்கும் அது" என்று அட்டையைத் தூக்கிக் காட்டியபடி நேரே முன்னால் போனாள். ஒருவரும் தடுக்கவில்லை.

எக்ஸ்ரேயில் அது மேல்தொண்டைக்குச் சற்றுக் கீழே வட்டமாகத் தெரிந்தது. உடனே திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா என்பதுதான் அங்கே டாக்டர் மலையாளத்தில் கேட்ட முதல் கேள்வி: "ஒந்நும் கழிக்கான் கொடுத்தில்லல்லோ?"

"ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லை டாக்டர்."

வயிறு காலியாக இருந்ததால் மயக்கம் கொடுக்கத் தாமதமில்லை. குழாய் விட்டு எடுத்தார்கள். பேட்டரி ஒரு பக்கம் கருத்திருந்தது. அது தொட்டுக்கொண்டிருந்த இடம் வெந்திருந்தது, ஆனால் ஓட்டை விழவில்லை. சினி கொஞ்ச காலம் கஞ்சித்தண்ணியில் இருந்து தேறினாள்.

வீட்டில் சுகிர்தபாய் பிள்ளையைத் தூக்கவே பயந்தார். சாப்பாடும் குறைந்தது, புண்ணும் ஆறவில்லை. லேகா திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அடுத்த முறை ரிமோட் ஓய்ந்தபோது அதையும் பிரிக்காத புதிய பேட்டரியையும் மாமியார் முன்னால் வைத்தாள்.

"இனி இதை நீங்கதான் மாத்தணும்."

"நானா? எனக்க கையிலயா தாறே?"

"உங்களைவிடப் பயந்து செய்ய இந்த வீட்டில ஆளில்லை மாமி."

நான் பார்க்க, சுகிர்தபாய் செய்தார். பிள்ளையை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். பழையதை எடுத்த கையோடு இரண்டு பக்கமும் நான் புண்ணுக்குக் கொண்டுவந்த பிளாஸ்திரியை ஒட்டி, இறுக்கமான மூடியுள்ள மருந்துக் குப்பியில் போட்டு மேலே வைத்தார். அதன் பிறகே புதிய அட்டையைக் கிழித்தார். கூட்டல் குறி மேலே பார்க்கப் போட்டு, மூடி திறக்காதபடி ரிமோட்டைச் சுற்றியும் பிளாஸ்திரி ஒட்டினார். கடைசியில் காந்தத்தைத் தரையில் இழுத்தார். அன்றைக்குக் கஞ்சி இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

பிழை செய்தவர் கையிலேயே பொறுப்பைக் கொடுக்க எனக்குத் தோன்றியிருக்காது. லேகாவுக்குத் தோன்றியது. பிறகு அக்கம்பக்கத்துக் கல்ஃப் வீடுகளிலிருந்தும் ரிமோட்டுகள் சுகிர்தபாயிடம் வரத் தொடங்கின.

அடுத்த விடுமுறையில் ராஜதாஸ் பெட்டியைப் பிரித்துப் புதிய ரிமோட் ஒன்றின் மூடியை நகத்தால் நெம்பினான்.

"எலே, தொடாதே! முதல்ல பிள்ளையை வெளிய கொண்டு விடு. கதவைச் சாத்து."

"அம்மா, இது நான் வாங்கினதாக்கும்."

"நீ வாங்கினா என்ன? கீழ வை."

அவன் லேகாவைப் பார்த்தான். அவள் தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல், காந்தத்தை எடுத்து மாமியார் பக்கம் நீட்டினாள்.