குப்பைக் கவரின் முடிச்சு

நான் குப்பைக் கவரை முடிச்சுப் போட்டு வைப்பதில்லை. திருப்பதியில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் இதனால் எனக்கு நல்ல பெயரும் இல்லை. கீழ்வீட்டு அம்மா தெலுங்கில் நாசூக்காகவும் தமிழில் நேராகவும் திட்டிப் பார்த்துவிட்டார். காரணம் கேட்டால் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

நகரிப் பக்கம் ஒரு தறி ஊரில் வளர்ந்தவள் நான். அப்போது எட்டு வயது. சாயத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் பச்சையாகவும் ஓடும் கால்வாய் ஓரத்தில், எங்கள் தெருமுனையில், குப்பைமேடு இருந்தது. குப்பை டிராக்டர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்திருப்பார். கொசுவைத் திட்டுவோமே தவிர, மேட்டை யாரும் திட்டியதில்லை. அதில் எல்லோருக்கும் பங்கு இருந்தது.

எங்கள் வீட்டுப் பங்கைக் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. மிச்சச் சோறு, பழத்தோல், தறியில் விழுந்த நூல் கழிவு எல்லாம் ஒரே கவரில் போகும்.

"நல்லா முடிச்சு போட்டு எடுத்துக்கினு போ. நாய் இழுத்து தெருவெல்லாம் எறைக்குது" என்பாள் அம்மா.

முடிச்சு என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். நைனா தறியில் அறுந்த இழையைச் சேர்க்கும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழாது. அதைக் கவரின் இரண்டு காதுக்கும் போட்டு, மிச்ச முனையைப் பூ மாதிரி விரித்துவிடுவேன். தெருவில் வேறு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். "இவ போட்ட முடிச்ச நாய் இல்ல, எமனே வந்தாலும் அவுக்க முடியாது" என்று அத்தை, நைனாவின் அக்கா, சொல்லிச் சிரிப்பாள்.

அத்தைக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு பசு இருந்தது. காலையில் கறந்து நாலு வீட்டுக்கு ஊற்றிவிட்டு அவிழ்த்துவிடுவாள். அது நேராகக் குப்பைமேட்டுக்குப் போகும். மேய்ச்சலுக்கு வேறு இடம் கிடையாது. கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்கும் அந்தப் பால்தான்.

ஒரு நாள் பசு எங்கும் போகாமல் கொட்டகையிலேயே நின்றது. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. "மூணு நாளா ஒண்ணும் துன்னல சார். அசை போடல" என்று அத்தை மாட்டு டாக்டரிடம் சொன்னாள். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "கடுபுலோ அன்னி கவர்லே அம்மா" என்றார். வயிறு முழுக்கக் கவர். ஊசி போட்டு, வயிற்றை அறுத்து, தோள்வரை கையை விட்டு இழுத்தார். கவரும் நூலும் பின்னிக்கொண்டு வந்துகொண்டே இருந்தன. இரண்டு கூடை நிறைந்தது. அத்தை மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் கூடைக்குப் பக்கத்தில் குந்தினேன். உள்ளே ஒரு ரோஸ் கவர். இரண்டு காதும் சேர்ந்து இறுகி, முனை பூவாக விரிந்திருந்தது. அதற்கடியில் இன்னொன்று. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"அத்தே, இது நான் போட்ட முடிச்சு. பாரேன், அவுரவே இல்ல."

அத்தை முடிச்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆமா கண்ணு" என்றாள். அம்மா வருவதைக் கண்டதும் அந்தக் கவர்களைக் கூடையின் அடியில் திணித்துவிட்டாள்.

மறுநாள் மதியம் பசு செத்தது. அடுத்த வாரமே அத்தை எங்கள் தறியில் வேலைக்கு வந்தாள். அவளுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். இழை அறுந்தால் என்னைக் கூப்பிடுவாள் என்று பக்கத்திலேயே போய் நிற்பேன். அவள் கூப்பிடவில்லை. தானே குனிந்து, தடவித் தடவி, கோணலாக ஒரு முடிச்சைப் போட்டுக்கொள்வாள்.

என் முடிச்சின் மேல் அத்தைக்குப் பொறாமை என்று பள்ளிக்கூடத்தில் தோழியிடம் சொன்னேன். அவளும் அப்படித்தான் இருக்கும் என்றாள்.