காற்றுக்கு எதிரே நெடுந்தீவு

அது 1984 ஓகஸ்ட். நினைவை மட்டும் நம்பி இதைச் சொல்லவில்லை. நெடுந்தீவுப் பங்கின் அடக்கப் பதிவேட்டைப் பிற்காலத்தில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். ஊர்காவற்றுறையில் நாங்கள் பாய் விரித்தபோது மணி ஏழு இருக்கும். காலைப் பூசை முடிந்த சனம் துறைவழியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஏழு வயது.

நெடுந்தீவில் அம்மாவின் தகப்பனார், என் அப்பு, முதல்நாள் மாலை இறந்துவிட்டார். விடியப்புறம் வந்த மீன்வள்ளமொன்று செய்தி கொண்டுவந்தது. பொழுதுபட முன் அடக்கம். அதற்குள் அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு அன்று வேறு எண்ணம் இருந்திராது. எனக்கோ, அப்பு வீட்டுக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து பயணிகள் லோஞ்சு ஓடாத கிழமை அது. சித்தப்பாவின் வள்ளத்து மோட்டர் யாழ்ப்பாணத்தில் திருத்தத்துக்குக் கிடந்தது. பாய் ஒன்றுதான் மிச்சம்.

புறப்படுமுன் சித்தப்பா பாய்மர உச்சியில் வெள்ளைச் சீலைத் துண்டொன்றைக் கட்டினார். சாவீட்டுக்குப் போகும் வள்ளம் அப்படித்தான் போகும். கரையில் காண்பவர்கள் உரித்துக்காரர் வருகிறார்கள் என்று அறிந்து பெட்டியை மூடாமல் வைத்திருப்பார்கள். எனக்கு அது திருநாள் கொடியாகத் தெரிந்தது.

அந்த மாதங்களில் வீசுவது சோளகம், தென்மேற்குக் காற்று. நெடுந்தீவு கிடப்பதும் தென்மேற்கேதான். செய்தி கொண்டுவந்த வள்ளம் காற்றை முதுகில் வாங்கிச் சில மணித்தியாலங்களில் வந்துவிட்டது. நாங்கள் அதே காற்றை முகத்தில் வாங்கிப் போகவேண்டும். பாய்வள்ளம் காற்றுக்கு நேரெதிரே ஓடாது. மேற்கே நெடுந்தூரம் ஓடி, திரும்பித் தெற்கே ஓடி, மறுபடி திரும்பி, குறுக்கும் மறுக்குமாகத்தான் ஏறவேண்டும். இதையெல்லாம் நான் பின்னர் புத்தகங்களில் படித்தேன். அன்று, சித்தப்பா எனக்குத் தீவுகளைச் சுற்றிக் காட்டுகிறார் என்றே நம்பினேன்.

நம்பாமல் என்ன செய்வது? எழுவைதீவின் பனைகள் தண்ணீரிலிருந்தே முளைத்தவைபோல எழுந்து வந்தன. வள்ளம் திரும்பியது, அவை பின்னே அமிழ்ந்துபோக, நயினாதீவுக் கோபுரம் வெயிலில் ஏறியது. ஆழமில்லாத இடங்களில் குனிந்தால் கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் எங்கள் பாயின் நிழல் எங்களோடு கூடவே ஓடியது. ஒவ்வொரு திருப்பத்திலும் வள்ளம் சரியாமலிருக்க அம்மாவும் நானும் பக்கம் மாறி உட்காரவேண்டும். அம்மா தென்மேற்கிலிருந்து கண்ணை எடுக்காமலே மாறினா. நான் சிரித்துக்கொண்டே மாறினேன்.

“இனி எங்க சித்தப்பா?”

“அனலைதீவைக் கிட்டப் பாக்க வேண்டாமே உமக்கு?”

பார்த்தேன். அது விலகியதும், இன்னொருமுறை அங்கே போவோமா என்று கேட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையால் என் முகத்தில் உப்பைத் துடைத்துவிட்டா.

நெடுந்தீவு ஒரு கோடாகத் தெரிந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. நாங்கள் தீவின் கிழக்கு முனைக்குத்தான் வந்திருந்தோம். துறை இன்னும் மேற்கே, காற்றுப் பக்கமாக இருந்தது.

“மச்சாள், துறைக்கு ஏறேலாது,” என்றார் சித்தப்பா அம்மாவிடம். “இன்னும் ரெண்டு ஓட்டம் வேணும். அதுக்குள்ள பொழுது பட்டிடும்.”

“சீலையக் கண்டிருப்பினமோ தம்பி?”

“கண்டினமெண்டால் மூடமாட்டினம்.”

அவர் வள்ளத்தை நேரே கிழக்குக் கரைக்கு விட்டார். அங்கே வீடு ஒன்றும் இல்லை. வெறும் கல்லும் மணலும். பிறகு பனைகளுக்கிடையே ஏதோ அசைந்தது. நெடுந்தீவில் தம்பாட்டில் திரியும் குதிரைகள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போகப்போக ஆட்களானார்கள். பத்து, இருபது, பிறகு எண்ண முடியாத அளவு சனம். முன்னே ஒரு சிலுவை. நடுவே நாலு பேர் தோளில் நீளமாக ஒன்று. துறைப்பக்கமிருந்து அவ்வளவு தூரமும் கடற்கரையோரமாக நடந்து வந்திருந்தார்கள். அலை காலை நனைக்கும் இடத்தில் எல்லாரும் நின்றார்கள். அத்தனை முகங்களும் எங்கள் வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வள்ளம் நிற்குமுன்னே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டா.

ஒரு தீவே எங்களை வரவேற்க வந்து நிற்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை. முன்பலகையில் ஏறி நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். ஒருவரும் திருப்பி ஆட்டவில்லை. எல்லாரும் அம்மாவையே பார்ப்பதால் என்னைத் தெரியவில்லையாக்கும் என்று, இன்னும் உயர்த்தி ஆட்டினேன்.