வாலில் கிடந்த கடப்பாரை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மலாயாவின் அவசரகாலத்தில், பாகான் நக்கோடா ஓமாருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் தாதியாக இருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லாருக்கும் நான் ‘மிஸ்ஸி’. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு காலையில், பால்வெட்டும் பெண் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்து, இரத்தம் நிற்கவில்லை. கோலாலம்பூரில் இரத்தம் ஏற்றினால்தான் பிழைப்பாள். பாதையில் இருந்த பாலத்தை முந்தின நாள்தான் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் எரித்திருந்தார்கள். ராணுவத்தின் சிறு விமானம் ஒன்று தோட்டத் திடலில் இறங்கியது.

அவளுடைய மாமியார்க்காரி வழிமறித்தாள்.

“பச்ச ஒடம்புக்காரி, கையில இரும்பு இல்லாம வானத்துல போறதா? காத்து கருப்பெல்லாம் அங்கதான மிஸ்ஸி சுத்தும்!”

“அதெல்லாம் ஒண்ணும் வராது அத்தை. மொதல்ல ஏத்துங்க லா!”

விமானிக்குப் பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால், வால்பக்கம் காலை நீட்டி அவள். பிள்ளை கீழே மாமியாரிடம். மேலே ஏறியதும் விமானி கூரையில் இருந்த ஒரு கைப்பிடியைச் சுற்றினான். எதற்கென்று ஆங்கிலத்தில் கேட்டேன். வாலில் ஒரு சிறு தகடு இருக்கிறது, இது அதைத் திருப்பும், பிறகு விமானத்தின் மூக்கு வைத்த இடத்தில் நிற்கும், கை வலிக்கப் பிடிக்க வேண்டாம் என்றான். பெரிய விமானங்களில் இதை ஒரு கருவியே பார்த்துக்கொள்ளுமாம். ஓட்டுபவன் தேநீர் குடிக்கலாமாம்.

ஆனால் அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். மூக்கு மேலேயே போனது. கைப்பிடி அதற்குமேல் சுற்றாமல் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் ஓட்டும் தடியை முன்னே தள்ளினான். கழுத்து நரம்பு புடைத்தது.

“பின்னால் என்ன ஏற்றினீர்கள்? வேகம் குறைகிறது. இப்படியே போனால் விழுவோம்!”

திரும்பினேன். அவள் உதடு வெளுத்திருந்தது. மணிக்கட்டில் ஒரு பழந்துணி கட்டியிருந்தது. அதன் மறுமுனை அவளுக்கு அடியில் இருந்த பாய்க்குள் புகுந்து வால்பக்கம் ஓடியது. எனக்குப் புரிந்துவிட்டது.

“என்ன வச்சாங்க உங்க மாமியா?”

“கடப்பார...” என்றாள். “ஏறும்போது பின்னால வழுக்கிருச்சு.”

நான் எழுந்து பின்னால் போனால் வால் இன்னும் கனக்கும். இருக்கையில் முழங்கால் ஊன்றி, துணியைப் பற்றி இழுத்தேன். பாதியில் எங்கோ சிக்கியது. இயந்திரம் திணறியது. பல்லைக் கடித்து மறுபடி இழுத்தேன். குளிர்ந்த இரும்பு என் கைக்கு வந்தது. மூக்கு மெல்லத் தாழ்ந்தது. விமானி ஒரு கையை எடுத்துக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினான்.

“அதை வெளியே எறி!”

“மிஸ்ஸி, எறிஞ்சிடாதீங்க...”

என் மடியில் வைத்துக்கொண்டேன், துணியை அவிழ்க்காமல். உடனே திசைகாட்டி முள் கிறுக்குப் பிடித்ததுபோல ஆடியது. விமானி என்னை முறைத்தான். பிறகு, ராசா என்ற ஊர்ப் பக்கம் கோலாலம்பூர் போகும் ரயில் தண்டவாளம் கண்ணில் படும்வரை தரையைப் பார்த்தே ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிப்பந்தி கடப்பாரையைத் தடுத்தான்.

“நோயாளியோட சாமான்,” என்றேன். “கட்டிலுக்கு அடியில வைங்க. மொதல்ல இரத்தம் ஏத்துங்க.”

ஏற்றினார்கள். சாயங்காலம் கண் விழித்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.