மரத்த கை கற்றுக்கொடுத்தது

டயர் கம்பெனியில், கடைசிப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கைராசி என்று பெயர். அச்சில் வெந்து இறங்கும் லாரி டயர் சூடு அடங்கியும் அடங்காமலும் அவள் ஸ்டாண்டில் வந்து உட்காரும். பெடலை மிதித்தால் சுழலும். அவள் வெறுங்கையை அதன் வயிற்றுக்குள் விட்டு ஒரு சுற்றுத் தடவுவாள். ரப்பருக்கும் அடியிலுள்ள கம்பி அடுக்குக்கும் நடுவே காற்று மாட்டிக்கொண்டிருந்தால், கடுகளவே ஆனாலும் விரல் நின்றுவிடும். டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அது கழிவுக்குப் போகும். கையுறை போட்டால் ஒன்றும் பிடிபடாது என்பதால் கூடத்தில் யாரும் போடுவதில்லை. அவள் தடவி அனுப்பிய டயர் புகாரோடு திரும்பி வந்ததே கிடையாது என்று ஒரு பேச்சு.

பிறகு புது ரப்பர் வந்தது. கரித்தூளைக் குறைத்து, மணலிலிருந்து எடுக்கிற வெள்ளைத் தூளைக் கலந்தார்கள். வண்டி டீசல் குறைவாகக் குடிக்கும், ஈரச் சாலையில் பிடிப்பு இருக்கும், எல்லாம் நல்லதுதான். ஆனால் கலவையின் ஆவி சரியாக வெளியேறாவிட்டால் வேகும்போது உள்ளே கொப்புளம் கட்டும். மனிதக் கை போதாது என்று ஒரு மெஷினும் வந்தது. கண்ணாடி அறை, உள்ளே விளக்குகள், டயரின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கேமராக்கள்.

"படத்தை வெச்சு மட்டும் எது நல்லது எது கெட்டதுன்னு மெஷினுக்குத் தெரியாதும்மா" என்றாள் இளம் இஞ்சினியர். "நீங்க எப்பவும் போல தடவிக் குறி போடுங்க. அது படத்தையும் உங்க குறியையும் சேர்த்துப் பாத்துக் கத்துக்கும். உங்க ஸ்டாண்டு மட்டும் போதும்."

அடுத்த ஸ்டாண்டுக்காரன், மீசை என்று கூப்பிடுவார்கள், சிரித்தான். "அக்கா, நம்மள வெட்டப்போற அரிவாளுக்கு நாமளே சாணை பிடிக்கிறோம்."

"முதல்ல உன் மீசையை வெட்டட்டும். கூடத்துக்குக் காத்து வரும்."

மெஷின் நன்றாகவே கற்றது. போகப்போக அவள் குறி போடுமுன்பே அது சிவப்பு விளக்கைப் போட்டது.

வீட்டில் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். துடைத்துவிடுகிற தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவசரத்தில் இவள் விரலை விட்டுப் பார்த்து, துணியை நனைத்துக் காலில் வைத்தாள்.

"அடி பாவி! கோழிக்கு இறகு பிடுங்கற மாதிரி என்னைப் பிடுங்கப் பாக்கறியா?"

"இதமாத்தானே இருக்கு அத்தை?"

"இதமா? அது கையா, விறகுக் கட்டையா?"

கால் சிவந்திருந்தது. பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். எரிச்சல் அடங்கி கிழவி தூங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி மண்டையில் ஏறியது.

மருத்துவமனையில் நர்ஸ் அவளைக் கண்ணை மூடச் சொன்னாள்.

"இப்ப பஞ்சு விரல்ல படுதா?"

"இன்னும் நீங்க தொடலையே."

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சர்க்கரை, அதோடு இத்தனை வருஷச் சூடும் அதிர்வும். இருக்கிற உணர்ச்சியைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றாள் நர்ஸ்.

"எப்ப போயிருக்கும்?"

"நாள் நட்சத்திரம் பாத்தா போகும்? கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும்."

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். கை பழக்கத்தில் சுற்றியிருக்கிறது. கண்ணில் பட்ட மடிப்புக்கும் கீறலுக்கும் குறி போட்டிருக்கிறாள். உள்ளே புதைந்த கொப்புளங்களை நல்லது என்று அனுப்பியிருக்கிறாள். மெஷின் அதைப் பார்த்துத்தான் படித்திருக்கிறது. பாரம் ஏற்றி வெயிலில் ஓடினால் அந்தக் கொப்புளம் பெரிதாகும், வெடிக்கும். ஓட்டுகிறவன் என்ன ஆவான் என்பது அவளுக்குத் தெரியும்.

"வாயை மூடிட்டு இருங்க அக்கா" என்றான் மீசை. "ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க."

"அது ஏற்கெனவே மடியிலதான்டா கிடக்கு."

இஞ்சினியரிடம் போய்ச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எந்தெந்த டயர்மா?"

"தெரிஞ்சிருந்தா குறி போட்டிருக்க மாட்டேனா?"

"தப்பை மட்டும் தனியாப் பிரிச்செடுக்க முடியாதும்மா. எல்லாத்தையும் கலந்துதான் அது கத்துக்கிட்டது."

மிக்சரில் கொட்டிய தூளைத் திரும்ப அள்ள முடியாது. ரப்பரில் உழன்றவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இருவரும் மேனேஜரிடம் போனார்கள். அவர் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். பொறுமையாகக் கேட்டார்.

"மெஷின் தப்பாக் கத்துக்கிட்டிருந்தா உங்க குறியோட இவ்வளவு பொருந்துமாம்மா?"

"பொருந்துறதுதான் சார் கோளாறே."

அவர் சிரித்துவிட்டார். அடக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "கைராசின்னு சும்மாவா சொல்றாங்க? நம்ம மத்த ரெண்டு ஃபேக்டரிக்கும் இதே படிப்பைத்தான் ஏத்தியிருக்கோம். கைக்கு வைத்தியம் பாருங்க. செலவு கம்பெனியோடது."

வெளியே வந்ததும் இஞ்சினியர் சொன்னாள், "நான் தலைமை ஆபீஸ்ல சொல்லிப் பாக்கறேம்மா. ஆனா என் பேச்சு அவ்வளவு உயரம் ஏறாது."

தலைமை ஆபீஸிலிருந்து பதில் வரவில்லை. அந்தப் பெண்ணையும் வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டாண்டுகளைக் கழற்றினார்கள். கைராசிக்குக் கண்ணாடி அறைக்குள் டயரைத் தள்ளிவிடுகிற வேலை, மறுபக்கம் அடுக்குகிற வேலை மீசைக்கு.

ஒரு நாள் டீ இடைவேளையில், கண்ணாடி அறைக்கு முன்னால் வரிசையில் முதலாவதாக நின்ற டயருக்குள் மீசை சும்மா கையை விட்டான். அவன் முகம் மாறியது.

"அக்கா, இதுல இருக்கு. நல்லாப் பருத்தது."

அவன் காட்டின இடத்தில் அவளும் விரலை வைத்தாள். அழுத்தினாள். ஒன்றும் தெரியவில்லை. அவன் சொன்னதை நம்பிப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். மணி அடித்ததும், பார்த்துவிடலாம் என்று உள்ளே தள்ளினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

மீசை மறுபக்கம் ஓடி, டயரைக் கட்டிப்பிடித்து பெல்ட்டிலிருந்து இறக்கினான். சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"பச்சை விழுந்ததை ஏன்யா இறக்கற?"

"உள்ள கொப்புளம் சார். என் கை சொல்லுது."

"கைப்பேச்செல்லாம் வீட்டுல வெச்சுக்கோ. ஏத்து."

"சார், தொட்டுப் பாருங்க, ஒரே ஒரு தடவை" என்றாள் அவள்.

"எனக்கென்னம்மா தெரியும் தொட்டா? ஏத்துய்யா, பின்னால எவ்வளவு நிக்குது பாரு."

மீசை அவளைப் பார்த்தான். பிறகு ஏற்றினான். வெள்ளைக் குறியோடு டயர் லாரி நிற்கிற பக்கம் நகர்ந்து, திருப்பத்தில் மறைந்தது. அவள் எதிரில் அடுத்த டயர் வந்து முட்டி நின்றது. அதையும் உள்ளே தள்ளினாள்.