ஒன்றாம் எண்ணில் யாரோ

நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. இதில் வரும் நேரங்கள் என் நினைவிலிருந்து எழுதியவை அல்ல. எங்கள் வீட்டு ரவுட்டர் பதிந்து வைத்தவை. ரவுட்டருக்குக் கதை கட்டத் தெரியாது.

போன அக்டோபர். எங்கள் நாட்டின் தெற்கே, கான் தோ நகரில், கால்வாயை ஒட்டிய எங்கள் வீடு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எச்சில் புரையேறினால்கூட அவளால் இருமித் தள்ள முடியாது, கண்ணை எடுக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரவு வேலையை விட்டுவிட்டு நான்தான் கூடவே இருந்தேன். அக்கா குயென் தைவானில் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். ஒப்பந்தம் முடியாமல் வர முடியாது.

"நீ கண்ணசர்ற நேரம் நான் பாத்துக்கறேன்டா. அந்த ரூம்ல எனக்கு ஒரு கண்ணு மட்டும் வெச்சுக் குடு" என்றாள்.

மாடியில் அம்மா அறையில் கேமரா மாட்டினேன். ஆனால் அக்காவால் அதை எட்ட முடியவில்லை. பழைய முறையில் எங்கள் தெருவுக்கே சேர்த்து ஒரே இணைய முகவரி. வெளியிலிருந்து வருபவருக்கு எந்த வீட்டுக் கதவு என்று தெரியாது. புது முறையான ஐ.பி.வி6இல் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு. முகவரியின் கடைசி எண்ணை நாமே கொடுக்கலாம். அந்த எண்ணில் குடியேறும் முன் கருவி மற்ற கருவிகளிடம் கேட்கும்: இங்கே யாராவது இருக்கிறீர்களா? ஒரு நொடி காத்திருக்கும். பதில் இல்லாவிட்டால்தான் உள்ளே போகும்.

எங்கள் பக்கத்தில் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவோம். அடுத்தது 'மூன்று'. மூத்தது எது என்று தெரிந்தால் ஏதோ வந்து தூக்கிக்கொண்டு போய்விடுமாம். அதனால் 'ஒன்று' என்று யாருமே கிடையாது. அக்கா இரண்டு, நான் மூன்று. அந்தப் பழக்கத்தில் எண்களையும் இரண்டிலிருந்தே தொடங்கிவிட்டேன். ரவுட்டருக்கு இரண்டு, என் கணினிக்கு மூன்று, கேமராவுக்கு நான்கு.

போனில் சொன்னதும் அக்கா சிரித்தாள். "என் நம்பர ரவுட்டருக்கா குடுத்த? சரிதான். அதுவும் என்ன மாதிரி ராப்பகலா வீட்டுக்கு உழைக்குது." மூன்றரைக்கு இடைவேளை, அப்போது அம்மாவைப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிற்பகல் 2.52. நல்ல மழை. கீழே உட்கார்ந்து, எந்தெந்தக் கருவி சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். மூன்று வரிகள் இருக்க வேண்டும்.

நான்கு இருந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பக்கத்து வீட்டில் யாரோ வைஃபை திருடுகிறார்கள் என்று நினைத்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். பிறகு வைஃபையையே அணைத்தேன். கணினியும் கேமராவும் கம்பியில்தான் இருந்தன. ஒன்று போகவில்லை. எந்தக் கருவி என்று காட்ட வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள்.

3.06. இடத்தைப் பிடுங்கினால் ஓடிவிடும் என்று ஒன்றாம் எண்ணை ரவுட்டருக்கே கொடுத்தேன். யாராவது இருக்கிறீர்களா என்று ரவுட்டர் கேட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை. பதில் வந்துவிட்டது. அந்த எண்ணில் ஆள் இருக்கிறதாம்.

அது யாரோடு பேசுகிறது என்று தேடினேன். கேமராவோடு மட்டும். 2.41இலிருந்து கேமரா தன் படத்தை அதற்கு அனுப்பிக்கொண்டிருந்தது… யாரோ அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் அந்தப் படத்தைத் திறந்தேன். எது அசைந்தாலும் அதன் பின்னால் திரும்பும் வகைக் கேமரா அது. அம்மா அசைய மாட்டாள். கேமரா கட்டிலைப் பார்த்தபடி சும்மா இருந்திருக்க வேண்டும்.

படத்தில் கட்டில் இல்லை. காலித் தரை.

படம் நகர்ந்தது. வாசலிலிருந்து… கணுக்கால் உயரத்தில்… கட்டிலை நோக்கி. கொஞ்சம் நின்றது. மறுபடியும் நகர்ந்தது.

மாடிக்கு ஓடினேன். 3.13.

அறையில் யாரும் இல்லை. கேமராவின் சத்தம் மட்டும். ர்ர்… ர்ர்…

சன்னல் சாத்தியிருந்தது. தரை ஈரமாக இருந்தது.

கேமராவின் பிளக்கைப் பிடுங்கினேன்.

அம்மா பேசினாள். தெளிவாக.

"ஒண்ணத் தூக்குடா. தரையெல்லாம் ஈரம்."

நான் தூக்கவில்லை. எதைத் தூக்குவது?

கீழே ஓடினேன்.

3.16. இரண்டு. மூன்று. அவ்வளவுதான்.

தொலைந்தது என்று நினைத்தேன். மறுபடி வருகிறதா என்று பட்டியலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணை எடுக்காமல். 3.30க்குப் போன் அடித்தது.

"மூணு… கேமரா தெறக்கலயே. அம்மா எப்படி இருக்கா?"

மேலே போய்ப் பார்த்தேன். அம்மா போய்விட்டிருந்தாள். இருபத்திரண்டு நாளாக அசையாத வலது கை மடங்கி நெஞ்சுக்கு மேலே வந்திருந்தது. நெஞ்சுக்கும் கைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது.

அக்கா அடக்கத்துக்கு வந்து போனாள். உயிரோடு இருந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. கேமராவை நான்தான் பிடுங்கினேன் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சித்தியிடம் கேட்டேன். நடந்தது எதையும் சொல்லவில்லை. நம் வீட்டில் யாரையாவது 'ஒன்று' என்று கூப்பிட்டதுண்டா என்று மட்டும் கேட்டேன். சித்தி தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்பா வடக்கிலிருந்து வந்தவர். தெற்கத்திக்காரர்களின் இந்தப் பயத்தைக் கேலி பேசி, முதலில் பிறந்த மகனை 'ஒன்று' என்றே கூப்பிட்டாராம். அப்படி ஒரு பிள்ளை இருந்ததே எனக்கும் அக்காவுக்கும் தெரியாது. அக்காவை வழக்கத்துக்காக 'இரண்டு' என்கிறார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவள் நிஜமாகவே இரண்டாவது.

எப்படிப் போனான் என்று கேட்டேன்.

"பத்து மாசம். அக்டோபர் வெள்ளம், தண்ணி அடுப்படி வரைக்கும் வந்துடுச்சு. உங்கம்மா அசதியில மேல தூங்கிட்டா. அப்பதான் தவழப் பழகியிருந்தான்…" சித்தி கையைத் துடைத்துக்கொண்டாள். "கீழ பாக்க ஆளில்லடா."